எதிர் ஷெட்டு செம்மலும் ஒரு பருப்பு மூட்டையும்

செம்மலைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்கன்னு யாராச்சும் கேட்டா எனக்கு வயிறு எரியும். ஆனா அவனைப் பத்தி என்னைவிட நல்லாத் தெரிஞ்சவன் ஆலங்குடியில எவனும் கெடையாது. பதினாலு வருசமா ரோட்டுக்கு இங்கிட்டு என் மெக்கானிக் ஷெட்டு. ஆறு வருசமா அங்கிட்டு அவன் ஷெட்டு.

வல்லத்திராக்கோட்டைக்காரன். புதுக்கோட்டை ஐடிஐயில ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. பரீட்சையில என்னைப் பாத்து எழுதினவன்தான். படிப்பு முடிஞ்சதும் நான் ஊரோட தங்கிட்டேன். அவன் கோயம்புத்தூர் போயி, ரேஸ் கார் கட்டுற பட்டறையில பன்னெண்டு வருசத்துக்கு மேல கெடந்தான். திரும்பி வந்தவனுக்கு எனக்கு நேர் எதிர்லதான் எடம் கெடைச்சுதாம். வந்ததும் மொத வேலையா ஷெட்டு நடுவுல, கார் ஏறி நிக்கிற மாதிரி நீளமா ஒரு குழி வெட்டிச் சிமெண்டு பூசினான். "யாரைப் பொதைக்கப் போறான்?"னு நான் கேட்டதைச் சொல்லிச் சொல்லி டீக்கடையே சிரிச்சுச்சு.

ஆளு வாயே தொறக்க மாட்டான். வண்டி வந்தா ஒடனே தொட மாட்டான். ஓனரை ஓட்டச் சொல்லிப் பக்கத்துல ஒக்காந்து காதைக் குடுத்துக் கேப்பான். என் வீட்டுக்காரி ராஜலட்சுமியே, "அந்த அண்ணன் கையைக் கழுவாம டீ கிளாஸைத் தொடாது, நீங்களும் இருக்கீங்களே"ன்னுவா. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது.

சரி, கார் கதைக்கு வாரேன். துபாயில இருந்து வந்த சந்தோஷ்குமார், ரெண்டே சீட்டு இருக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணை வாங்கியாந்தாரு. செவப்பு. இருவத்தஞ்சு வயசு வண்டி, தரையோட தரையாக் கெடக்கும். பள்ளத்துல எறங்கினா டொக்கு டொக்குங்குது, வளைவுல அலையுதுன்னு மொதல்ல அவரு வந்தது என்கிட்டத்தான். பாத்தா, சக்கரத்தைப் புடிச்சிருக்கிற ஆர்ம்ல இருந்த ரப்பர் புஷ் எல்லாம் வெடிச்சுக் கெடந்துச்சு. ஜாக்கி போட்டுத் தூக்கி, எட்டு புஷ்சையும் மாத்தி முறுக்கி, எறக்கிக் குடுத்தேன். ஒரு வாரம் அந்தச் செவப்புக் கார் என் வாசல்ல நின்னுச்சு பாருங்க, பஸ்ஸுல போறவன் எல்லாம் தலையை நீட்டிப் பாத்தான். நான் எதிர் ஷெட்டை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டேன்.

நாலே மாசம். மறுபடியும் டொக்கு டொக்கு. சரக்கு மட்டம்னு சாதிச்சேன். அவரு சாவியை வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. மறுநாள் அந்தக் கார் செம்மல் ஷெட்டுல நிக்குது!

அன்னைக்கு எனக்கு வேலையே ஓடல. ஒரு பைக்குக்கு ஆயில் மாத்தப் போயி, வடிச்ச பழைய ஆயிலையே திரும்ப ஊத்தினேன். கார் வேலைன்னா நாகராசுன்னு ஊர்ல ஒரு பேரு இருக்கு. அந்தப் பேரை வச்சுத்தான் என் பொழப்பு. அவன் கையால அந்தச் சத்தம் நின்னுட்டா பேரு போச்சு. "கருப்பா, அவன் போடுறதும் வெடிக்கணும்"னு வேண்டிக்கிட்டேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

அவன் கோயம்புத்தூர்ல இருந்து இன்னும் கெட்டியான ரப்பர் புஷ் வரவழைச்சுப் போட்டான். நாலாம் நாள் காரைக் குழி மேல கொண்டாந்து நிறுத்தினான். அப்பறம் பண்ணினான் ஒரு கூத்து. "அண்ணே, ஒங்க வெயிட் என்ன?"ன்னு சந்தோஷ்குமாரைக் கேட்டான். எழுவத்தெட்டுன்னாரு. பக்கத்துக் கடலை மண்டியில சரியா எழுவத்தெட்டு கிலோவுக்கு ஒரு பருப்பு மூட்டை எடை போட்டுத் தூக்கியாந்து டிரைவர் சீட்டுல ஒக்கார வச்சான்.

"என்ன செம்மலு, மூட்டைக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா?"ன்னு கத்தினேன். டீக்கடையில நாலு பேரு சிரிச்சாக. அவன் காரை நாலு அமுக்கு அமுக்கினான். நாலு சக்கரமும் தரையில, ஆளு பாரம் சீட்டுல. அப்பறமாத்தான் குழிக்குள்ள எறங்கி ஒவ்வொரு புஷ் போல்ட்டா முறுக்கினான்.

என் சிரிப்பு பாதியில நின்னுபோச்சு. நான் எப்புடி முறுக்கினேன்? ஜாக்கி மேல, சக்கரம் அந்தரத்துல தொங்குறப்பவே. எறக்கிட்டா அந்தக் குள்ளக் காருக்கு அடியில நம்ம ஒடம்பு போகாதுல்ல! தொங்குறப்ப இறுக்கின ரப்பரு, வண்டி எறங்கினதும் எந்நேரமும் முறுக்கிக்கிட்டே கெடக்கும். கிழியாம என்ன செய்யும்? சரக்கு மட்டமில்ல. நான்தான் மட்டம்.

சந்தோஷ்குமார் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தாரு. மூஞ்சி பூராப் பல்லு. "சத்தமே இல்லப்பா! முன்னாடி என்னதான் தப்பு நடந்துச்சு?"ன்னு டீக்கடைக்கே கேக்குற மாதிரி கேட்டாரு. செத்தேன்னு நெனச்சேன்.

"நாகராசு வேலையில குத்தமில்லண்ணே. அப்பக் கெடைச்ச ரப்பரு அம்புட்டுத்தான்"னான் செம்மல்.

சாயங்காலம் ரோட்டைத் தாண்டி வந்து, நான் போட்ட எட்டு புஷ்சையும் பேப்பர்ல சுத்தி என் மேசையில வச்சான். "ஒன்னோடது. என் ஷெட்டுல கெடந்தா எவனாச்சும் பாப்பான்"னுட்டுப் போயிட்டான். எல்லாம் முறுக்கிக் கிழிஞ்சிருந்துச்சு. தொழில் தெரிஞ்சவன் ஒருத்தன் பாத்தாப் போதும், வெளங்கிடும். நாலு பேரு முன்னால நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டிருந்தா, நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன். அதுக்கும் வழி வைக்கலயே படுபாவி!

போன வாரம் எனக்கு வேற ஒரு கார் வந்துச்சு. அதே புஷ் வேலை. ஜாக்கி மேல சக்கரம் தொங்குது, ஸ்பேனரை மாட்டிட்டேன், முறுக்கக் கை வரமாட்டேங்குது. அரை மணி நேரம் அப்புடியே ஒக்காந்திருந்தேன். அப்பறம் போல்ட்டை லேசா மாட்டி எறக்கி, காரை நானே ரோட்டுக்கு அங்கிட்டுத் தள்ளிக்கிட்டுப் போனேன். டீக்கடை பூராப் பாத்துச்சு.

"செம்மலு, ஒன் குழி ஒரு மணி நேரம் வேணும்."

"இதையெல்லாமா கேப்ப? ஏத்து. மண்டியில மூட்டை எத்தனை கிலோ சொல்லட்டும்?"

அவனோட குழிக்குள்ள நான் நின்னு, அவன் புடிச்ச வெளக்கு வெளிச்சத்துல முறுக்கினேன். இத்தனை வருசத்துல என் கையால ஒரு புஷ் அம்புட்டுக் கச்சிதமா ஒக்காந்ததே இல்ல. வீட்டுக்குப் போனதும் ராஜலட்சுமி சோறு போட்டா. கையை நல்லாத் தேச்சுக் கழுவிட்டுத்தான் ஒக்காந்தேன். சோறு எறங்கினாத்தானே!