வெள்ளிக்கிழமை மட்டும் நின்றுபோகும் ஐஸ் மெஷின்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளிவாசலுக்கு எதிரே நவமணி குளிர்பானம் விற்கும் தண்ணீர்க்கடை போட்டபோது, வாங்கிய முதல் பெரிய பொருள் ஐஸ் மெஷின். பழையதுதான். ஆனாலும் அது வேலை செய்வதைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே அலுக்காது. குளிர்ந்த தட்டின்மேல் தண்ணீர் ஓயாமல் வழியும். வழிய வழிய ஏடு ஏடாக உறையும். போதுமான அளவு தடித்ததும் மெஷினே தட்டைச் சூடாக்கும். ஐஸ் பிடி விட்டுச் சரிந்து, முன்னால் தொங்கும் பிளாஸ்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு கீழே பெட்டிக்குள் கொட்டும். கதவு திரும்ப மூடிக்கொண்டால் அடுத்த சுற்று. பெட்டி நிரம்பிக் கதவு மூட முடியாமல் போனால், போதும் என்று தானே நின்றுவிடும்.

இரவெல்லாம் இப்படிச் சேரும் ஐஸ்தான் மறுநாள் வியாபாரம். வெள்ளிக்கிழமை மட்டும் பெட்டி பாதிகூட நிரம்பியிருக்காது. தொழுகை முடிந்து கூட்டம் தாகத்தோடு வரும் நேரத்தில் சிவப்புச் சீராப்புப் பானத்தில் போட ஐஸ் இருக்காது. மெஷினை விற்ற தயாளன் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். ஆள் வந்து பார்க்கும்போதெல்லாம் அது நன்றாக ஓடியது.

“உன் மெஷினும் வெள்ளிக்கிழமை வெரதம் போலலா,” என்று சிரித்தார் கணவர் பிச்சைமுத்து. “பேசாம பெக்டரிக்கே திரும்பிடு. இன்னும் கூப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி தயாளனிடம் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் லோரி வரும். ஐஸ் இல்லாமல் தண்ணீர்க்கடை ஏது? கடையையும் மூட வேண்டியதுதான்.

அன்று மனம் கேட்காமல் விடியும்போதே வந்து கடையைத் திறந்தாள். மெஷினில் சத்தமே இல்லை. சற்று நேரத்தில் பக்கத்துப் பூக்கடை சுபாஷினி மாற்றுச் சாவியோடு வந்தாள். வெள்ளிக்கிழமைக்கென்று முதல் நாளே வாங்கும் மல்லிகைச் சரம் வாடக் கூடாதென்று, டப்பாவில் அடைத்து ஐஸ் பெட்டிக்குள் வைக்கச் சொன்னவளே நவமணிதான். கோயிலுக்குப் போகிறவர்கள் வருவதற்குள் சுபாஷினி வந்து எடுத்துக்கொள்வாள்.

“என்னக்கா, இவ்ளோ சீக்கிரம்?” என்றபடியே அவள் டப்பாவை உருவினாள்.

டப்பென்று பிளாஸ்டிக் கதவு மூடியது. உள்ளே தண்ணீர் ஓடத் தொடங்கியது.

நவமணி அவள் கையைப் பிடித்தாள். “அதைத் திரும்ப வையி.”

டப்பா கதவை மூட விடாமல் தாங்கிக்கொண்டது. சத்தம் நின்றது. எடுத்தார்கள், மறுபடியும் தண்ணீர்.

“ஐயோ, என் பூவாலயாக்கா?”

“உன் பூ என்னடி பண்ணும்? அங்க வைக்கச் சொன்ன என்னைச் சொல்லணும்.”

உடனே தயாளனை அழைத்தாள். “அண்ணே, மெஷின் நல்லாத்தான் இருக்கு. பெட்டி நெறஞ்சிருச்சின்னு வெசாழக்கெழம ராத்திரியெல்லாம் நான்தான் அதை ஏமாத்தியிருக்கேன். இன்னிக்கி ஒரு நாள் வெளிய ஐஸ் வாங்கிச் சமாளிச்சிக்கிறேன்.”

“லோரி கெளம்பப் போகுதேமா!”

“வரட்டுமே. பழைய சின்ன பிரிஜ் ஒண்ணு இருந்தா ஏத்தி விடுங்கண்ணே. பூ வைக்கணும்.”