வசந்தி டொக்டர் கேட்ட கடைசிப் பெட்டி

பிள்ளைகளே, ட்ருகனினா என்ற புறநகரில் நான் வேலை செய்யும் குளிர்களஞ்சியத்திலிருந்து கப்பலேறிய ஆட்டிறைச்சிக் கொண்டெய்னர் ஒன்று ஒருநாள் திரும்பி வந்தது. இறைச்சி பழுது என்று வாங்கியவர்கள் திருப்பிவிட்டார்கள். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இறக்கும் வேலை எனக்கு.

ஏற்றுமதிச் சான்றிதழில் கையெழுத்திட்டவர் வசந்தி டொக்டர். அரசாங்க மிருக வைத்தியர். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கியவர். அவர் இறைச்சியைப் பார்க்காமலே கையெழுத்து வைத்தார் என்பது முறைப்பாடு. அது உண்மையென்றால் அவர் கையெழுத்தை இனி எந்தத் துறைமுகமும் மதிக்காது.

டொக்டர் வந்திருந்த நேரம், வாங்கியவர்களின் முகவர் ஃபாரூக், மெரிலேண்ட்ஸ் என்ற ஊரில் குடியிருக்கும் கீழக்கரைக்காரர், வந்து நின்றார்.

“ஏசி ரூம்ல உக்காந்தே சைன் போட்டீங்களாமே மேடம்?”

“இங்கயும் ஏசிதான். மைனஸ் எய்ட்டீன். உள்ள வாங்க,” என்றார் டொக்டர்.

உறைந்த இறைச்சி மணக்காது. அதனால் டிரில்லால் துளைப்பார்கள். அந்தச் சூட்டில் மணம் கிளம்பும். உடனே மூக்கை வைக்க வேண்டும். கப்பலேறுமுன் டொக்டர் சோதித்த மாதிரிப் பெட்டிகளைத் திறந்தோம். இறைச்சியில் அவர் முன்பு போட்ட துளைகள் அப்படியே இருந்தன. பக்கத்திலேயே புதிதாகத் துளைத்தார். ஃபாரூக்கும் மணந்து பார்த்தார். நல்ல இறைச்சி.

“போதும் மேடம். மன்னிச்சிடுங்க. கம்ப்ளெயின்ட வாபஸ் வாங்கச் சொல்றேன்.”

“கதவோரத்துப் பெட்டி ஒண்ணு கொண்டாங்க அண்ணே,” என்றார் டொக்டர் என்னிடம்.

“அவர்தான் ஓம் எண்டிட்டாரே டொக்டர், விடுங்கோவன்!”

“கொண்டாங்க லா,” என்றார், மலேசியப் பேச்சில்.

கொண்டுவந்தேன். துளைத்தார். ஃபாரூக் குனிந்து மணந்தார். “ஒண்ணும் தெரியலையே.” எனக்கும் தெரியவில்லை. டொக்டர் இரண்டு தரம் மூக்கை வைத்தார்.

“இது பழுது.”

தான் கையெழுத்திட்ட இறைச்சியைத் தன் வாயாலேயே பழுது என்கிறார்!

பிறகுதான் இறைச்சியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் புரட்டச் சொன்னார். அடியில் இரத்தம் தட்டையாக ஓடி உறைந்திருந்தது. உறைந்தபடியே இருந்திருந்தால் இரத்தம் ஓடாது; வழியில் கொண்டெய்னரின் குளிர் நின்று, கதவோரம் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. பழுது நடந்தது பயணத்தில், டொக்டர் கையெழுத்திட்ட பிறகு.

ஃபாரூக் அந்த இரத்தத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். “இனிமே உங்க சைன் இருந்தா நாங்க பெட்டியவே திறக்க மாட்டோம் மேடம்.”

“திறங்க,” என்றார் டொக்டர். “கண்டிப்பா திறந்து பாருங்க.”

வேலையில் நல்ல பெயர் எப்படி வரும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அடியிலிருந்த அந்த இரத்தம் தன்னைக் காப்பாற்றும் என்று டொக்டருக்கு அப்போது தெரியாது. “பழுது” என்று அவர் சொன்னது, புரட்டுவதற்கு முன்பு.