டம்ளர் சத்தம்

எவர்சில்வர் டம்ளரைத் தரையில் இரண்டு தட்டு தட்டுவாள் நாச்சியார். டக், டக். வாயைத் திறக்க மாட்டாள். பார்வை, அங்கே இல்லாத டிவியின் மேல் இருக்கும். அவ்வளவுதான், கூட்டத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்கிற புருஷனாம் அது!

பிழைப்புக்கு ஆரியசாலை மொத்தக்கடை ஒன்றில் வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறவள். லீவு நாளென்றால், திருவனந்தபுரத்தில் எந்த மகளிர் சங்கம் கூப்பிட்டாலும் பாயையும் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு நாடகம் போடக் கிளம்பிவிடுவாள். மாமியார், புருஷன், மருமகள், பிள்ளைகள் எல்லாம் அவள் ஒருத்திதான். நாடகத்தின் முடிவில் டம்ளர் சத்தம் கேட்கும்போது மருமகள் எழுந்திருக்க மாட்டாள். சிரித்த கூட்டம் அப்போது கப்சிப்பென்று ஆகிவிடும்.

"எங்க வீட்லயும் இதே சத்தந்தாம்க்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்கள் உண்டு. வித்துராவில் ஒருத்தி, "அந்த டம்ளர எனக்குத் தருவியளா?" என்றே கேட்டுவிட்டாள்.

"சாரமில்ல மக்களே" என்று முதுகைத் தடவிக் கொடுப்பாள் நாச்சியார். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊர்ச் சொல்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. புருஷன் திரவியம் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். "வாயால சொன்னா சண்டையில்லா ஆகும்? கண்ணால பாத்தா அவியளுக்கே உறைக்கும்" என்பாள், மிளகாய்க் குவியலிலிருந்து தலை தூக்காமல்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மனுஷன் வந்தேவிட்டார். முன்வரிசை நாற்காலி வேறு. நாச்சியார் டம்ளரைத் தட்டினாள். திரவியம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்தில் இருந்த ஆளின் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

வீட்டில் சோற்றைப் போட்டதும் அவரே ஆரம்பித்தார்.

"கொள்ளாம்ட்டி, நல்லாருக்கு! ஒன் தங்கச்சி மாப்பிள விஜய்குமார அப்பிடியே பிடிச்சிட்டியே. பாவம் அவ! இப்பிடியொரு ஆளு கூட எப்பிடித்தான் காலந்தள்ளுதாளோ!"

ஊருக்கெல்லாம் உறைத்தது, உறைக்க வேண்டியவருக்கு உறைக்கவில்லை.

"விஜய்குமாரா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் பார்வை டிவிக்குப் போய்விட்டது. டிவியில் செய்தி தொடங்கியிருந்தது.

டக், டக்.

நாச்சியார் முழங்காலில் கையூன்றி எழுந்து, தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்.