அமெரிக்காவின் மனசு மலருக்குத் தெரியும்

மகேசன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து அடுத்தவர் அலுவலகங்களில் கழிவறை கழுவத் தொடங்கி, துப்புரவுக் கம்பெனி ஒன்றுக்கே முதலாளியானவர். லின்ஃபீல்டில் சொந்த வீடு, இரண்டு பிள்ளைகளும் பட்டதாரிகள். இதையெல்லாம் அவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். உழைத்தவன் தன் வாயால் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அண்மையில் அந்தப் பெருமையோடு அமெரிக்காவும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனபின் மனைவி இராசமலர் ஒரு கருத்துக்கணிப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். இங்கே நண்பகலென்றால் அமெரிக்காவில் முந்தின நாள் மாலை, சனம் வேலை முடிந்து வீட்டிலிருக்கும் நேரம். பின்னறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒஹாயோவையும் ஜோர்ஜியாவையும் கூப்பிடுவார். எந்தக் கட்சி, யாருக்கு வாக்கு என்று கேட்பார். சிலர் திட்டிவிட்டு வைப்பார்கள். சிலரோ தங்கள் கட்சியைத் தங்கள் சாதகம் போல ஒப்பிப்பார்கள்.

"அமெரிக்கன் ஆருக்கு வோட்டுப் போடுவான் எண்டது என்ரை மனிசி சொன்னாத்தான் அவன்ரை டிவிக்காரனுக்கே தெரியும்" என்று சான்ட்ரிங்ஹாம் பலசரக்குக் கடையில் மகேசன் முழங்கினார்.

கடைக்கார நிருஜா விடவில்லை. "இங்கத்தைத் தேர்தலிலை அக்கா ஆருக்குப் போட்டவ, அண்ணை?"

"நான் போட்ட ஆளுக்குத்தான். எங்களுக்குள்ளை இரண்டு எண்ணமே?"

லின்ஃபீல்ட் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே, நகரத்துக்கு வெளியே பொக்கேனோவில் மாடியும் அகன்ற முற்றமுமாகப் புது வீடு வாங்குவது அவருடைய திட்டம். மலரிடமும் சொன்னார்தான். "உங்களுக்கு விருப்பமெண்டா சரியப்பா" என்றார் மலர். விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது.

அன்று நண்பகல் மலருக்குத் தேநீர் கொண்டுபோன மகேசன் பின்னறை வாசலில் நின்றுவிட்டார். மலர் ஆங்கிலத்தில் மிக மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் யாரோ ஒரு கணவர், தன் பதிலையே மனைவிக்கும் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் போல. முடியாது ஐயா, இந்த முறை உங்கள் மனைவியின் எண்ணம்தான் எனக்கு வேண்டும், தயவுசெய்து அவரிடம் கொடுங்கள் என்றார் மலர். பிறகு அந்தப் பெண்ணிடம், சரி பிழை ஒன்றுமில்லை அம்மா, தெரியாது என்றாலும் அதுவும் பதில்தான், யோசித்துச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன் என்றார்.

காத்திருந்தார். குரலில் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. யாரென்றே தெரியாத ஒருத்திக்காக அப்படியொரு பொறுமை.

தேநீர் ஆறியதுகூட மகேசனுக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்து வெளியே வந்த மலரிடம், "பொக்கேனோ வீடு நல்ல வீடுதானே?" என்றார்.

மலர் சிரித்தார். "பதிலையும் நீங்களே சொல்லிப்போட்டு என்னட்டைக் கேக்கிறியள். நான் இப்பிடிக் கேட்டா என்னை வேலையாலை நிப்பாட்டிப்போடுவினம்."

"பின்னை எப்பிடிக் கேக்கிறது?"

"உங்கடை விருப்பம் முகத்திலை தெரியக் கூடாது."

மகேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்த வீடோ, அந்த வீடோ?" என்று கேட்டுவிட்டு வாயை மூடினார். ஆயிரம் வாடிக்கையாளரிடம் பேசியே ஜெயித்த வாய் அது. அதை மூடி வைத்திருப்பது தரை துடைக்கும் மாப் தள்ளுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"இந்த வீடு" என்றார் மலர். "எனக்குக் கார் ஓடத் தெரியாது. இங்கை பஸ் ஏறினா கடை, கோயில், நிருஜா. அங்கை போனா நீங்கள் எப்ப வருவியளெண்டு முற்றத்தைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும்."

"முதலே சொல்லியிருக்கலாமே, மலர்?"

"நீங்கள் அந்த வீட்டைப் பற்றிக் கதைக்கேக்கை சின்னப் பிள்ளை மாதிரி இருந்தியளப்பா. அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

மகேசன் உடனே வீடு விற்கும் ஏஜென்ட் மதன்குமாருக்குப் போன் போட்டார்.

"தம்பி, வீடு விக்கேல்லை."

"என்னண்ணே இது! நாளைக்குக் கையெழுத்துன்னு சொன்னீங்களே?"

"கருத்துக்கணிப்பு நடத்தினனான். வீட்டுச் சனத்தொகையிலை அரைவாசி எதிர்ப்பு."

மதன்குமார் வாய்விட்டுச் சிரித்தான். "சரிண்ணே, அடுத்த வருஷம் அண்ணி மனசு மாறுவாங்களா?"

மகேசன் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு போனை மலரின் கையில் கொடுத்தார்.