வாடிய குழையும் மூன்று கருமந்திகளும்

1. முதல் நாள்

“வாழைப்பழம் கொண்டு வந்திருக்கியா? கொண்டு வந்திருந்தா நீயே தின்னு. இதுகளுக்குக் காட்டவும் கூடாது.”

வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் எங்கள் பொறுப்பதிகாரி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். குரங்குக் கூட்டுக்கு வேலைக்குப் போகிறோம், வெறுங்கையோடு போவானேன் என்று நான் ஒரு சீப்புக் கதலி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பையைப் பின்னால் மறைத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

புதிதாக மிருகக் காட்சிச்சாலை வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்தவன் அல்ல. களுதாவளையில் வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், வயல்களை ஒட்டிச் சின்னதாக ஒரு மிருகக் காட்சிச்சாலை இருந்தது. அங்கே பன்னிரண்டு வருடம் கருமந்திகளைப் பார்த்தேன். கடைசியில் அவற்றைக் கொன்றதும் நான்தான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கருமந்தி என்பது இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத சாதி. கரிய உடம்பு, கன்னத்தில் வெள்ளை மீசை, கறுத்த முகத்தில் உற்றுப் பார்த்தால் ஓர் ஊதாச் சாயல். காடும் குறைந்து அதுவும் குறைந்து போயிற்று. எங்களிடம் இரண்டு இருந்தன. பெண்ணின் தாய் மின்கம்பியில் அடிபட்டுச் செத்தது. ஆணை ஒரு வீட்டில் சங்கிலியில் கட்டி வைத்திருந்து பிடித்து வந்தார்கள். இரண்டையும் இனிக் காட்டில் விட முடியாது.

பெண் எந்நேரமும் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோரையும் முறைத்துப் பார்க்கும். அதனால் அதன் பெயர் டீச்சர். ஆண் உச்சிக் கொப்பில் ஏறி இருந்துகொண்டு மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்க்கும், தான் ஒரு துரும்பையும் அசைக்காது. அதன் பெயர் ஓவசியர்.

2. குழைக்காரன்

மிருக வைத்தியர் ஏறாவூரிலிருந்து வருவார். இளம் பெண், நாங்கள் டொக்டர் மிஸ் என்போம். முதல் மாதத்தில் அவர் எனக்குச் சொல்லித் தந்தது இது:

“அண்ணன், இதுகள்ர வயிறு மாட்டு வயிறு மாதிரி, அறை அறையா இரிக்கி. உள்ளுக்கு இரிக்கிற கிருமிதான் இலையைப் புளிக்க வச்சு இதுக்குச் சாப்பாடாக்கிக் குடுக்குது. இனிப்புப் பழம் போட்டா அந்தக் கிருமி குழம்பிரும், வயிறு ஊதிரும். நீங்க தீன் போடுறது குரங்குக்கு இல்ல, அந்தக் கிருமிக்கு. அப்பிடி நினைச்சுக்கங்க.”

அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். தினமும் விடிந்ததும் பாதையில் ஏறி வாவியைக் கடப்பேன். பாதை என்பது எங்கள் பக்கத்தில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவை. இறங்கியதும் சைக்கிளில் குழை வெட்டப் போவேன். கொப்போடு முறித்த பச்சை இலைதான் குழை. பூவரசு, ஆல், அத்தி, வாகை, முள்முருக்கு என்று ஐந்து வகையாவது வேண்டும். ஒரே குழையை மூன்று நாள் போட்டால் டீச்சர் கொப்பைப் பிடித்து என் தலைமேல் எறியும்.

வெற்றிலை வளர்த்த வீட்டில் பிறந்தவன் நான். இலையைத் தொட்டாலே அது இன்று துளிர்த்ததா, நேற்று முறித்ததா, எந்தப் பக்கம் வெயில் பட்டது என்பதெல்லாம் சொல்வேன். வேலை செய்கிறவர்கள் கேலியாகக் குழைக்காரன் என்று கூப்பிட்டார்கள். எனக்கு அது பட்டம் மாதிரி இருந்தது. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடிப்போயிற்று என்று இப்போது தெரிகிறது.

பதினோராவது வருடத்தில் டீச்சர் குட்டி போட்டது. கூட்டில் கருமந்தி குட்டி போட்டு அது தங்குவது லேசான காரியம் இல்லை. சாம்பல் நிறத்தில், என் உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருந்தது. டீச்சரின் பிள்ளை என்பதால், வகுப்புத் தலைவன் மாதிரி, மொனிட்டர் என்று பெயர் வைத்தோம். அதிகாரி கூட்டுக்கு வெளியே புதுப் பலகை அடித்தார்: ‘கருமந்தி – குட்டியுடன்.’

“இந்தக் குட்டி உயிர் தப்பிட்டுதெண்டா காணும், இன்னும் ரெண்டு சோடி தருவாங்க. இல்லையெண்டா இந்தக் கூட்டை மூடவேண்டியதுதான்” என்றார் அவர்.

“தப்பும் சேர். நான் இரிக்கன்தானே” என்றேன். என்ன துணிவில் சொன்னேனோ.

3. வெள்ளம்

மொனிட்டருக்கு நாலு மாதம். பால் குடித்துக்கொண்டே தாயின் வாயிலிருந்து இலையைப் பிடுங்கிச் சப்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அந்த மாரியில் வாவி பெருகி, நான் வழக்கமாகக் குழை வெட்டும் கரையெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. மழை விட்டு ஒரு கிழமை வெயில் எறித்தும் வெள்ளம் வற்றவில்லை. இரண்டு நாளாகக் காட்சிச்சாலை மதிலோரத்து முற்றிய பூவரசங் குழையைத்தான் போட்டேன். டீச்சர் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பால் கொடுக்கிற தாய் பட்டினி கிடந்தால் குட்டி என்ன ஆகும்?

மூன்றாம் நாள் காலையில் மேட்டுப் பக்கத்து வயல்வெளிக்கு, எங்கள் பேச்சில் வட்டைக்கு, போனேன். அங்கே கணவதி அண்ணனின் வயல் வரம்பில் வாகையும் முள்முருக்கும் தளதளவென்று நின்றன. நிழல் விழுந்தால் நெல்லு மணி பிடிக்காமல் சாவியாகிப் போகும் என்று அவரே முன்பு என்னை வெட்டச் சொல்லியிருந்தார்.

எங்கள் வட்டைகளில் ஒரு வழக்கம் உண்டு. வயலுக்கு மருந்து அடித்தால், வாசலில் ஒரு கம்பை நட்டு அதில் பச்சைக் குழை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். மாட்டுக்காரருக்கு அது அறிவிப்பு. குழை பச்சையாக இருக்கும்வரை வரம்பில் மாட்டை விடக்கூடாது. அது வாடிச் சருகானால் மருந்தின் வேகம் போய்விட்டது, விடலாம். எழுத்துத் தெரியாதவனும் வாசிக்கிற பலகை அது.

கணவதி அண்ணனின் வாசலிலும் குழை கட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். இலை கறுத்து, சுருண்டு, பாதி உதிர்ந்துவிட்டது. தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. பத்து நாளுக்கு மேல் என்று கணக்குப் போட்டேன். குழைக்காரனுக்கு இதுகூடத் தெரியாதா?

அவருடைய வாடி, வயல் காக்கும் குடிசை, கூப்பிடு தூரத்தில் இருந்தது. புகை வந்துகொண்டிருந்தது, ஆள் உள்ளேதான் இருந்தார். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வாய் நிறைய வெற்றிலையும் புகையிலையும் இருந்தன. துப்பிவிட்டுக் கூப்பிட வேண்டுமே என்று சோம்பிப் பஞ்சிப்பட்டேன். மருந்து நாற்றம் மூக்கில் ஏறாததும் அந்தப் புகையிலையால்தான். இரண்டு கட்டுக் குழை வெட்டினேன். வழமைபோல் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி உதறினேன். அது தூசிக்குப் போதும். மருந்துக்குப் போதாது.

டீச்சர் அன்று ஆசையாகத் தின்றது. ஓவசியர்கூட உச்சிக் கொப்பிலிருந்து இறங்கி வந்தது. நான் கம்பியில் சாய்ந்து நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

4. பகல் பத்து மணி

முதலில் டீச்சரின் வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. பிறகு கை நடுங்கியது. கொப்பைப் பிடிக்க முடியாமல் குட்டியோடு கீழே இறங்கி உட்கார்ந்தது. கண்ணைப் பார்த்தேன், மணி சுருங்கி ஊசிமுனை அளவில் இருந்தது. டொக்டர் மிஸ்ஸுக்கு ஃபோன் எடுத்தேன்.

“அண்ணன், எங்க வெட்டின குழை?”

“வட்டையில மிஸ். ஆனா மருந்து அடிச்சுப் பத்து நாள்…”

“யார் சொன்ன?”

நான் திரும்பிக் கூட்டுக்குள் கிடந்த குழையைப் பார்த்தேன்.

“மிச்சக் குழை எல்லாத்தையும் வெளிய எடுங்க. குட்டியைத் தாயிட்ட இருந்து பிரிச்செடுங்க. நான் வாறன். ரோட்டுக்கு மேலால தண்ணி போகுது, சுத்தித்தான் வரணும். யா அல்லாஹ், எத்தின மணியாகுமோ தெரியா.”

குட்டியைப் பிரிக்கப் போனேன். டீச்சருக்கு நிற்கவே பலம் இல்லை. ஆனாலும் இரண்டு கையாலும் குட்டியை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. பதினொரு வருடமாக என் கையால் தின்ற உயிர் அது, ஒரு நாளும் என்னைக் கடித்ததில்லை. அன்றும் கடிக்கவில்லை. கடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதன் கை தானாகத் தளர்ந்த பிறகுதான் குட்டியை எடுத்தேன்.

டொக்டர் மிஸ் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில், டீச்சரின் உயிர் போய்விட்டிருந்தது. நனைந்த சப்பாத்தோடு ஓடி வந்து அதற்குள் நடுங்கத் தொடங்கியிருந்த ஓவசியருக்கு ஊசி போட்டார். நடுக்கம் நின்றது. தப்பிவிட்டது என்று நினைத்தோம். ஆனால் வயிறு வேலை செய்யவில்லை. ஒரு இலைகூடத் தின்னவில்லை. ஐந்தாம் நாள் அதுவும் போயிற்று.

குழை போட்ட அன்று பின்னேரமே வட்டைக்குப் போய்க் கணவதி அண்ணனைக் கேட்டேன்.

“எப்ப அண்ணன் கடைசியா மருந்து அடிச்ச நீங்க?”

“நேத்துப் பின்னேரம் மனே. அறக்கொட்டிப் பூச்சி விழுந்திட்டுது, திருப்பியும் அடிச்சன். என்னத்துக்குக் கேக்காய்?”

“அப்ப ஏன் புதுக் குழை கட்டல்ல?”

“பழைய குழைதான் தொங்குதே எண்டு விட்டிட்டன். இந்த வெள்ளத்துக்குள்ள எந்த மாட்டுக்காரன் வரப் போறான்?” என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். “நீ குழை வெட்டினியா மனே? ஐயோ, வாடிக்குள்ளதானே நான் கிடந்தன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

5. மொனிட்டர்

இனி மிஞ்சியது குட்டி மட்டும். மருந்தறையில் ஒரு கூடைக்குள் துவாயைச் சுருட்டி வைத்து, அதைத் தாய் என்று கட்டிப் பிடிக்க வைத்தோம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை போத்தலில் பால். நான் வீட்டுக்கே போகவில்லை. பால் குடித்தது, வயிறும் நன்றாக வேலை செய்தது. என் சேட்டுப் பொத்தானைச் சூப்பிக்கொண்டு தூங்கப் பழகிற்று. எனக்கும் நம்பிக்கை வந்தது.

“பால் பிரச்சினை இல்ல அண்ணன்” என்றார் டொக்டர் மிஸ். “இலைக்கு மாறுறதுதான் பயம். இலையைச் சமைக்கிற கிருமியைத் தாய்தான் வாயால ஊட்டி ஊட்டிக் குடுக்கிற. தாய் இல்லாம யார் குடுக்கப் போறா?”

அவரும் தெரிந்த வழியெல்லாம் செய்து பார்த்தார். பத்தொன்பதாம் நாள் குட்டியின் வயிறு ஊதியது. பகல் சாப்பாட்டு மணி அடித்த நேரம், என் மடியில் கிடந்தபடியே மூச்சு நின்றது. கையில் என் பொத்தான் இருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். டொக்டர் மிஸ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார்.

6. கையெழுத்து

அதிகாரி அறிக்கை எழுதி வைத்திருந்தார். மூன்றும் நாள்பட்ட வயிற்றுக் கோளாறினால் இறந்தன என்று இருந்தது.

“சேர், இது அப்பிடி இல்லையே.”

“எனக்கும் தெரியும். உள்ளதை எழுதினா உன்ர வேலையும் போகும், என்ர வேலையும் போகும். செத்தது எழும்பி வருமா? வை கையெழுத்தை.”

வைத்தேன். இதைத்தான் நான் செய்த இரண்டாவது பிழை என்பேன். உள்ளதை எழுதியிருந்தால், வேறெங்காவது வயலோரத்தில் குழை வெட்டுகிற இன்னொருவன் அதை வாசித்திருப்பான். என்னைப்போல் இன்னொருவன் இதே பிழையைச் செய்திருந்தால் அதுவும் என் கணக்கில்தான்.

அடுத்த கிழமை அந்தக் கூட்டுக்குள் சாதாரணச் செங்குரங்குகள் ஆறைக் கொண்டுவந்து விட்டார்கள். பாணும் பழமும் எது போட்டாலும் தின்னும். பலகையை மாற்றவில்லை. ‘கருமந்தி – குட்டியுடன்’ என்று வாசித்துவிட்டுச் செங்குரங்கைப் பார்த்துச் சனங்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். நான் வேலையை விடும்வரை ஓர் ஆளாவது, இது கருமந்தி இல்லையே என்று கேட்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு பாடம்தான் உண்டு. வாயில் கிடப்பதைத் துப்பிவிட்டு ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் கேளுங்கள்.

கணவதி அண்ணனுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. வயலை மருமகன் பார்க்கிறார். ஆனாலும் ஒவ்வொரு போகத்திலும் மருந்து அடிக்கிற அன்று எனக்கு ஃபோன் எடுப்பார். நான் வேலையை விட்டது அவருக்குத் தெரியும். போன கிழமையும் எடுத்தார்.

“மனே, இன்டைக்கு மருந்து அடிச்சிரிக்கி. புதுக் குழை கட்டச் சொல்லிட்டன். வெட்டிப் போடாத.”

“ஓம் அண்ணன்” என்றேன். “வெட்டமாட்டன்.”