காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்

எழுபதுகளில் என் கணவருக்குக் கடற்கரையை அளவெடுக்கும் வேலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் அலுவலகத்தின் சக்கர வீடு நின்றது. ஜீப்பில் கட்டி இழுத்துப்போகும் ஒற்றை அறை. கைக்குழந்தையோடு அதிலா என்று செங்கல்பட்டில் மாமியார் தயங்கினார். ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சின்மேல்தான் அனுப்பினார். கல்யாணமாகி நாங்கள் மட்டும் இருந்த முதல் வீடு அது.

கட்டிலுக்கடியில் இரண்டு பெரிய பேட்டரிகள். விளக்கும் குழந்தையின் சின்ன விசிறியும் அவற்றில் ஓடின. சாயங்காலம் ஜீப் வந்ததும் அதன் இஞ்சினோடு இணைத்து அவர் சார்ஜ் ஏற்றுவார். உள்ளே தகடு தெரியாத அளவுக்குத் தண்ணீர் விடுவது என் பொறுப்பு. வாரம் தவறாமல் மூடிகளைத் திறந்து பார்ப்பேன். மூடினேனா என்று மறுபடி பார்ப்பேன். அமிலம் பட்டிருக்குமோ என்று மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்குவேன்.

ஒரு வாரம், கடையில் பாட்டிலில் வாங்கிவைத்திருந்த பேட்டரித் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அதற்காக அவரைச் செங்கல்பட்டுக்கு அலையவைக்க மனம் வரவில்லை. சுத்தமான தண்ணீர்தானே வேண்டும் என்று யோசித்தேன். குழந்தைக்காகக் காய்ச்சி ஆறவைத்து வடிகட்டிய கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அதுதான். பாட்டிலில் இருக்கிறதா என்று அவர் கேட்டபோது, இருக்கிறது என்றேன்.

இரண்டு மாதத்தில், சோறு வடிக்கும் நேரத்துக்குக்கூட விசிறி சுற்றவில்லை. குழந்தையின் முதுகெல்லாம் வேர்க்குரு. கணவர் பேட்டரிக் கடைக்காரரை ஜீப்பில் அழைத்து வந்தார். கடைக்காரர் உள்ளே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னா தண்ணிம்மா ஊத்தின?”

சொன்னேன்.

“அது கொழந்தைக்கும்மா. காய்ச்சினா கிருமிதான் சாவும். கடலோரக் கெணத்து உப்பு எங்க போவும்? உள்ளயேதான் கீது.”

கணவர் திட்டவில்லை. புதிது வர எத்தனை நாளாகும் என்று மட்டும் கேட்டார். பதினைந்து நாள். அதுவரை எங்களைச் செங்கல்பட்டில் தன் அம்மா வீட்டில் இருக்கச் சொன்னார். செத்த பேட்டரிகளும் நாங்களும் ஒரே ஜீப்பில் போனோம். அமிலம் தெறிக்குமோ என்று வழி நெடுகக் குழந்தையைத் தோளிலேயே வைத்திருந்தேன்.

சொன்ன நாளில் புதுப் பேட்டரிகள் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தன. நான் போகவில்லை. மழை முடியட்டும் என்றார் மாமியார். மழை முடிவதற்குள் சக்கர வீடு செய்யூர்ப் பக்கம் நகர்ந்துவிட்டது.

வாரம் ஒரு பாட்டில் பேட்டரித் தண்ணீரை நானே கடையில் வாங்கிப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். காலிப் பாட்டில் திரும்பி வரும். ஒருமுறை அது பாதி தண்ணீரோடு வந்தது. விட மறந்துவிட்டாரா, விளக்கே போடாமல் படுத்துவிடுகிறாரா? அடுத்த பாட்டிலோடு ஒரு சீட்டு வைத்தேன். தகடு தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். அதற்குக் கீழே, நாங்கள் வரட்டுமா என்று எழுதி, அடித்தேன். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. வேறு சீட்டு எழுதலாமா என்று பஸ் வரும்வரை யோசித்துவிட்டு, அதையே மடித்துக் கொடுத்தேன்.