பூசணம் பிடித்த எழுத்து

எனக்கு எழுத்து அழகாக இருக்க வேண்டும். இது ஒரு வியாதி. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் என்ன எழுத்துரு என்று பார்க்கிற ஆள் நான். இந்த வியாதியால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. வியாதியால் மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். நான் வாயைத் திறக்காததால் போயிற்று.

நீலகிரி மலையில், கட்டபெட்டு என்ற ஊரில், சிறு தேயிலை விவசாயிகள் சங்கம் ஒன்றில் அப்போது கணினி வேலை பார்த்தேன். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த காலம். பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்று பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பு உயரத்தில் நிற்க வேண்டிய செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. சங்கத்தில் மட்டும் வேலைக்குக் குறைவில்லை. கலெக்டருக்கு மனு, மந்திரிக்கு மனு, டெல்லிக்கு மனு. மனு அடிக்க இரண்டு பேர் இருந்தோம், நானும் ஓர் அக்காவும். கூடப் பிறந்தவர் அல்ல. நாற்பத்தைந்து வயதிருக்கும், தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்தே அங்கே இருந்தவர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் காலமாகிவிட்டார். மகள் கோவையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடியது.

காசு கொடுத்து மென்பொருள் வாங்க சங்கத்துக்கு வக்கில்லை. அதனால் இரண்டு கணினியிலும் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸை நான்தான் போட்டேன். மற்றபடி தங்கமான இயங்குதளம். ஆனால் திரையில் தமிழ் வந்த லட்சணம் இருக்கிறதே! வளைவெல்லாம் படிக்கட்டு. ஒரு கோடு தடி, பக்கத்துக் கோடு நூல். பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயம் பார்த்து, வெளிநாட்டில் இருந்த ஓர் உறுப்பினரின் மகன் சங்கத்துக்குத் தட்டைத் திரை ஒன்று வாங்கிக் கொடுத்தார். வேறு யாருக்கும் வாய் திறக்க இடம் கொடுக்காமல் அதை என் மேஜையில் வைத்துக்கொண்டேன். அக்காவுக்குப் பழைய டப்பா மானிட்டர்தான். தட்டைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகளாக இருக்கும். அந்தப் பட்டைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கி எழுத்தின் ஓரத்தை இழைக்க லினக்ஸில் வழி உண்டு. ஒரு சின்னக் கோப்பில் சில வரிகள் எழுத வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரம் அதிலேயே கிடந்தேன். மாற்றுவது, வெளியேறுவது, திரும்ப நுழைந்து ‘ழ’வை உற்றுப் பார்ப்பது. அடிக்க வேண்டிய மனுக்களெல்லாம் அக்கா தலையில் விழுந்தன. கடைசியில் எழுத்து அச்சடித்த புத்தகம் போல் வந்து நின்றபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய மனசு பண்ணி அந்தக் கோப்பை பிளாப்பியில் போட்டு அக்காவின் கணினியிலும் ஏற்றினேன். டப்பா மானிட்டரில் அந்தப் பட்டைகள் அந்த ஒழுங்கில் கிடையாது. அங்கே இந்த வேலையெல்லாம் செல்லாது, எழுத்தைச் சுற்றி வண்ண அழுக்குத்தான் படியும். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

மறுநாளே அக்கா சொன்னார். “ஏனுங்க தம்பி, எழுத்தெல்லாம் பூசணம் புடிச்சாப்ல இருக்குதுங்களே.”

நாற்பது தாண்டினால் அப்படித்தான் இருக்கும், கண்ணாடி போடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார். அந்த வாரமே குன்னூர் போய்க் கண்ணாடி வாங்கி வந்தார். கண்ணாடி போட்டும் பூசணம் போகவில்லை, கூடவே தலைவலிதான் வந்தது.

முன்பானால் தப்பு பிடிபட்டிருக்கும். மனுவை ஒரு தடவை காகிதத்தில் எடுத்து, சிவப்புப் பேனாவோடு ஜன்னலோரம் உட்கார்ந்து திருத்துவதுதான் அக்காவின் வழக்கம். விலை விழுந்த பிறகு காகிதத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லி, திரையிலேயே பிழை பார்த்து ஒரே தடவை அச்செடுக்க வேண்டும் என்று செயலாளர் உத்தரவு போட்டிருந்தார். அந்தத் திரையில் 3 எது, 8 எது என்று யாரால் சொல்ல முடியும்? விவசாயிகளின் நில எண்கள் தப்பும் தவறுமாகப் போய், மானியத்துக்கான மனு ஒன்று முழுசாகத் திரும்பி வந்தது. இருபது வருடத்தில் அக்கா அடித்தது திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. செயலாளர் திட்டவில்லை. திரும்பி வந்த மனுக் கட்டை அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனதில்தான் அக்கா ஒடிந்துபோனார்.

அன்றைக்கு என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவருடைய அம்மாவுக்கு ஐம்பது வயதில் பார்வை போய்விட்டதாம். தனக்கும் அதுதான் ஆரம்பிக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார். இரண்டு நாள் லீவு போட்டுக் கோவைக்குப் போனார்.

அவர் இல்லாத முதல் நாள் ஓர் அவசர சுற்றறிக்கை. கோப்பு அவர் கணினியில் இருந்தது. போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம், நடுவில் கலங்கல். நல்ல கண்ணுள்ள எனக்கே பத்து வரிக்கு மேல் தாங்கவில்லை. இதிலா ஒரு மனுஷி மூன்று மாதம் உட்கார்ந்திருந்தார்!

எழுத்தை இழைக்க நான் ஏற்றியிருந்த கோப்பைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. அதை எடுத்துவிட்டால் அரை நிமிடத்தில் சரியாகிவிடும். கை அந்த வரி வரைக்கும் போயிற்று.

அதற்கு முந்தின நாள்தான், சந்தா வரவில்லை, அடுத்த மாதத்திலிருந்து ஒரு ஆள்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று செயலாளர் என் காதில் போட்டிருந்தார். யார் என்று சொல்லவில்லை. எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ‘மலையில் ஆபீஸ் உத்தியோகம்’ என்றுதான் பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். திரையைச் சரிசெய்தால் அக்கா காரணம் கேட்பார். காரணம் சொன்னால் திரும்பி வந்த மனுவுக்கு யார் பொறுப்பு என்பது செயலாளருக்குத் தெரியும். தெரிந்தால் எந்த ஆள் வெளியே போவான் என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கோப்பை மூடினேன். அக்கா வந்ததும் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு அயோக்கியத்தனம்!

அக்கா கையால் எழுதிய ராஜினாமாக் கடிதத்தோடுதான் வந்தார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதுதான் அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது. டாக்டருக்கே பிடிபடாத நோய் என்று எடுத்துக்கொண்டார்.

செயலாளர் அறையில் நானும் நின்றேன். “என் கண்ணுனால விவசாயிகளுக்குக் கெடுதல் வந்துறக் கூடாதுங்க,” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் கையைக் காட்டி, “தம்பி இருக்கறாருங்களே. நல்ல புள்ளைங்க. எல்லாம் பாத்துக்குவாரு.”

என் காது சுட்டது. செயலாளர் கையெழுத்துப் போட்டார். அக்கா சாப்பாட்டுப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போன பிறகு, அவர் கணினியில் அந்த வரியை அழித்தேன். எழுத்து பளிச்சென்று வந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நாலைந்து வருடம் கழித்து கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அத்தனை பஸ்ஸுக்கும் கூட்டத்துக்கும் நடுவே, ஒருவர் என்னைக் கண்டுபிடித்துக் கையாட்டினார். அக்கா. கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை. கிட்டே வந்து என் கல்யாணம், குழந்தை எல்லாம் விசாரித்தார். மகள் படிப்பை இடையில் நிறுத்த வேண்டியதாயிற்றாம். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாளாம். கண் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். எந்த மூஞ்சியோடு கேட்டேனோ.

“படிக்கறதையே உட்டுப்போட்டனுங்க தம்பி. வாரப் பத்திரிகைகூடத் தொடறதில்லீங்க. இருக்கற பார்வையாச்சும் நிக்கட்டும்னுதானுங்க.”

என் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பக்கத்தில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அந்தச் சங்கத்தையும் அதற்குள் மூடியிருந்தார்கள், உண்மையைச் சொன்னால் பறிபோவதற்கு எனக்கு அந்த வேலைகூட மிச்சமில்லை.

“அதுவும் நல்லதுதானுங்க அக்கா,” என்றேன்.